இருளில் விளைந்த பொன்

ஆஹா, என்ன பச்சை! என்ன பொன்! படாளத்து ஏரிக்கரையில், நேற்றைய மழையை இன்னும் நுனிகளில் ஏந்தி நின்ற வேலமரத்தில், காலைக் கதிர் சாய்ந்து விழுந்த அந்த ஒரு கணத்தில், எம்பெருமானின் திருமார்பிலிருந்து நழுவிய மரகதப் பதக்கம் இலைக்கொத்தில் சிக்கிக்கொண்டதோ என்று என் நெஞ்சம் திடுக்கிட்டது. பதக்கம் அசைந்தது! ஆறு கால்களால் நடந்தது! இலையைக் கடித்துச் சுவைத்தது! பொன்வண்டு! என் சுவாமியே, இத்தனை பேரழகை இந்த முள்மரத்தில் யாருக்காக வைத்தாய்?

இந்தப் பொன்னில் பொன் இல்லை. பச்சையென்று ஒரு சாயமும் அந்த மேற்சிறகில் பூசப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்குகள், ஒன்றின்மேல் ஒன்றாய்; ஒவ்வோர் அடுக்கிலும் ஒளி பட்டுத் திரும்ப, திரும்பிய அலைகள் ஒன்றோடொன்று கலக்க, அந்தச் சங்கமமே பச்சையாய்ச் சுடர்கிறது. நேரே நோக்கினால் மரகதம். சரித்து நோக்கினால் நீலம்! தன்னுடையதென்று சொல்ல ஒரு துளி நிறமும் இல்லாத சிற்றுயிர், வந்து விழும் ஒளியை வாங்கி அப்படியே திருப்பிக் கொடுத்து, ஜகஜ்ஜோதியாய் நிற்கிறது. நானோ என் பெயர், என் புகழ், என் ஞானம் என்று சாயம் பூசிப் பூசியே மங்கிப்போனேன். உருகினேன், ஐயனே! உருகி ஒழுகினேன்!

இந்த வண்டின் குலம் பெரிது. உலகெங்கும் பதினைந்தாயிரம் இனங்களுக்கு மேல் பரவிய மகா வம்சம் அது. அந்த வம்சத்தில் பிறந்தவர்க்கெல்லாம் இளமை இருளில்தான். நம் வேலமரத்துப் பொன்வண்டின் குழந்தை மண்ணுக்கடியில் வேரைக் கடித்து வளர்கிறது. அதன் பங்காளிகளோ பட்டைக்கு அடியிலும், நோயுற்ற மரத்திலும், பட்டுப்போன மரத்தின் வைரத்திலும் குடைந்து குடைந்து வாசம் செய்கிறார்கள். காலில்லாத வெள்ளைப் புழு! அகன்ற மார்பும் மெலிந்த உடலுமாய், தான் குடைந்த தட்டையான பாதையில் தன்னந்தனியே ஊர்ந்து, மரத்தூளைப் பின்னே தள்ளித் தள்ளி முன்னே செல்லும் மௌனத் தபஸ்வி! காய்ந்த கட்டையில் சாரம் ஏது? அதனால் வளர்ச்சி மெல்ல மெல்ல, மாதங்களாய், வருஷங்களாய். மரத்தை வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். தண்ணீரே இல்லாத மரத்துக்குள்ளும் அவன் ஊட்டுகிறானே, அந்தக் கருணைக்கு எல்லை உண்டோ!

கேளுங்கள் ஓர் அதிசயம். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில், ஒரு வீட்டு மாடிப்படியின் மரத்திலிருந்து, 1983ஆம் ஆண்டில் ஒரு பொன்னிற வண்டு வெளிப்பட்டது. புழுவாய் அது அந்தக் கட்டைக்குள் கழித்த காலம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு! மேலே மனிதர் ஏறினர், இறங்கினர். குழந்தைகள் வளர்ந்து மூத்தனர். காலடி ஓசைக்கெல்லாம் கீழே, காரிருளில், ஒரு ஜீவன் தன் வேளைக்குக் காத்திருந்தது. தூணைப் பிளந்து வந்தவனே! சிங்கப்பெருமாள் கோவில் குகையில் உக்கிர மூர்த்தியாய் அமர்ந்து, கற்பூர ஆரத்தியில் நெற்றிக்கண் காட்டும் பாடலாத்ரி நரசிம்மா! உன் தூண் எது, இந்தப் படி எது? தூணிலும் நீ! துரும்பிலும் நீ! துரும்பைக் குடையும் புழுவிலும் நீயே, நீயே!

அதே குலத்தில் ஒரு கருவண்டு உண்டு. காடு பற்றி எரிகையில் யானையும் மானும் வெருண்டோட, அது தீயை நோக்கிப் பறக்கிறது. நடுக்காலின் அருகே அதற்குள்ள நுண்ணிய குழிகள் அனலின் வெம்மையைத் தொலைவிலேயே உணர்கின்றன. கருகிய மரத்துக்கு எதிர்க்கும் வலுவில்லை. பிசின் பெருக்கித் துரத்தும் சக்தியில்லை. அங்கே அது முட்டையிடுகிறது. சுடலையில் தொட்டில்! பிரகலாதனைச் சுடாத நெருப்பே, இந்தச் சிசுக்களுக்கும் நீ தாய்மடியோ!

இந்த அழகுக்கு அழிவும் அஞ்சுகிறது. ஜப்பானின் நாரா அருகே ஹோரியூஜி ஆலயத்தில், ஏழாம் நூற்றாண்டுப் பக்தர்கள் புத்தபிரானுக்குச் செய்த சிறு மரச் சந்நிதியைப் பொன்வண்டின் சிறகுகளால் இழைத்தார்கள். ஜெர்மனியின் மெஸ்ஸல் பாறையில் 4 கோடியே 70 லட்சம் ஆண்டுகளாய்ப் புதைந்து கிடந்த வண்டுகளின் மேலும் அந்த ஒளி இன்னும் மினுங்குகிறது. சாயம் வெளுக்கும், சரணாகதி வெளுக்காது!

படாளம் கூட்டுரோட்டில் திரும்பி வேடந்தாங்கல் பறவைகளைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்களே! வழியில் ஒரு வேலமரத்தடியில், ஒரு கொடுக்காப்புளி நிழலில், சற்றே நில்லுங்கள். இலை நடுவே அந்தப் பச்சைச் சுடர் தென்பட்டால் கைகூப்புங்கள், தீப்பெட்டிக்குள் அடைத்துவிடாதீர்கள். நெடுங்கால இருளுக்குப் பின் அதற்கு வாய்த்த வெளிச்சம் சில வாரங்களே. உங்கள் வரப்பில் பட்ட மரம் ஒன்று நின்றால், விறகென்று உடனே கோடாலி தூக்காதீர்கள். அது கர்ப்பக்கிருகம், உள்ளே பூஜை நடந்துகொண்டிருக்கிறது.