சாமித்தோப்பில் கிணறும் பந்தியும்

அய்யா வைகுண்டரின் (1809–1851) வழியில் கலி அழிவதும் தர்மயுகம் பிறப்பதும் மறுமைக்கு ஒத்திப்போட்ட காரியங்கள் அல்ல. குடிக்கும் தண்ணீர், உடுக்கும் துணி, உட்காரும் பந்தி ஆகிய மூன்றிலும் அவை அன்றாடம் நடந்தாக வேண்டும். அய்யாவழியின் தத்துவத்தை ஏட்டில் மட்டும் தேடுவோருக்கு இது பிடிபடுவதில்லை.

நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே உள்ள சாமித்தோப்பு அன்று திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. அங்கே பெற்றோர் வைகுண்டருக்கு இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். பனையேறும் சாதிக்கு முடி எதற்கு, பெருமாள் எதற்கு என்று மேல்சாதியார் மறித்ததால் அது முத்துக்குட்டி ஆயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பெயருக்கே இந்தக் கதி என்றால் மற்றவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. கூலியில்லாத ஊழியம், தலைவரி, தலைப்பாகைக்குத் தடை, பெண்கள் தோள்சீலை போடத் தடை, மேல்சாதியார் கிணற்றை அண்டத் தடை. தோள்சீலைக்காக 1822-இல் வெடித்த பூசல் 1859-இல் அரசாணை வரும்வரை ஓயவில்லை. 1806-இலேயே மயிலாடிக்கு வந்துவிட்ட லண்டன் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு, பள்ளிக்கூடமும் புது மதமுமாக ஒரு வழியைத் திறந்திருந்தது. பலர் அதில் போனார்கள்.

போகாதவர்களுக்கு வைகுண்டர் வேறொரு வழி வைத்தார். 1833-இல், கொல்லம் ஆண்டு 1008 மாசி 20 அன்று, திருச்செந்தூர்க் கடலில் நாராயணரிடம் விஞ்சை (உபதேசம்) பெற்று வைகுண்டராக வெளிவந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. சாமித்தோப்பில் தவமிருந்தவரிடம் கூட்டம் சேர்ந்தது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அரசு அவரைத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறைவைத்தது. விடுதலையாகி வந்தபின் நடந்த துவையல் தவசில் ஏறத்தாழ 700 குடும்பங்கள் கடலோரத்தில் கூடித் தங்கின. துணி துவைப்பது, கடலில் குளிப்பது, சைவச் சாப்பாடு: தவசின் விதிகள் இவ்வளவே. காட்டுக்குப் போய் மூச்சடக்கும் தவத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அழுக்கர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பெண்டு பிள்ளைகளோடு சேர்ந்து செய்த தவம் இது.

சாமித்தோப்பின் முத்திரிக்கிணறு இந்தச் சிந்தனையின் நடுவிடம். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் இறைத்துக் குளிக்க வேண்டும் என்று வைகுண்டர் வைத்த ஏற்பாடு வழிபாட்டின் பகுதியாகவே ஆகிவிட்டது. இன்றும் வழிபாட்டுத் தலமான பதிக்கு வருகிறவர் முதலில் அங்கே பதமிட்டு (நீராடி), ஒரு கை நீர் குடித்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலைப்பாகை கட்டுகிறார்கள். எந்தத் துணி மறுக்கப்பட்டதோ அந்தத் துணி இல்லாமல் பதிக்குள் போகக் கூடாது என்பது துணிச்சலான ஏற்பாடுதான்.

பதியின் கருவறையான பள்ளியறையில் சிலை கிடையாது; விளக்குக்குப் பின்னால் ஒரு கண்ணாடி. வணங்குகிறவருக்கு அதில் தெரிவது தலைப்பாகை கட்டி, நெற்றியில் நாமமிட்ட தன் உருவமே. வடலூரில் வள்ளலார் 1872-இல் நிறுவிய சத்திய ஞானசபையிலும் கண்ணாடி உண்டு. நாராயண குரு 1927-இல் களவங்கோட்டில் கண்ணாடியையே பிரதிஷ்டை செய்தார். தனக்குள் இறைவன் என்பது அத்வைதிக்குப் பழகிய பேச்சு. குனிந்தே நிற்கப் பழக்கப்பட்டவர் நிமிர்ந்து தன்னைக் கண்டு கும்பிடும்போது அதன் கனம் வேறு. காணிக்கை, உயிர்ப்பலி, தேங்காய் உடைப்பு எதுவும் வேண்டாம் என்று வைகுண்டர் சொன்னதால் பூசாரிக்கும் செலவுக்கும் இடமில்லாமல் போயிற்று.

ஊர்தோறும் எழுந்த சிறு வழிபாட்டிடங்களான நிழல் தாங்கல்களில் சமபந்திச் சோறும், சிலவற்றில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவும் கிடைத்தன. 1841-இல் அரிகோபாலன் சீடர் ஏட்டில் எழுதிய அய்யாவழியின் புனித நூல் அகிலத்திரட்டு அம்மானை, வழக்கமான நான்கு யுகங்களுக்குப் பதில் எட்டு யுகங்களைக் கணக்கிட்டு, கடைசி யுகத்தைத் தர்மயுகம் என்கிறது. தாழ்ந்தோரைக் காப்பதையே தர்மமாகச் சொல்லும் நூலுக்கு அன்னதானம் கிளைக்கதையாக இருக்க முடியாது.

வைகுண்டர் நாராயண அவதாரமா, சமூகச் சீர்திருத்தக்காரரா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. முன்னது அன்பர்களின் கட்சி, பின்னது வரலாற்றாசிரியர்கள் பலரின் கட்சி. கிணற்றடியில் இறைப்பவருக்கு இந்தப் பிரிவு பொருட்டில்லை. அவதாரம் என்று நம்பியதால்தான் ஒரே கயிற்றைப் பிடிக்கத் துணிந்தார்கள். ஆனால் கிணறும் பந்தியும் கடந்த அந்தச் சமத்துவம் கல்யாணப் பந்தல்வரை வரவில்லை. பெண் கொடுத்து எடுப்பது இன்றும் பெரும்பாலும் சாதிக்குள்தான்.