நம்ம குழுவைப் பதிவு பண்ணணுமா?

 

கிருத்திகைக்கு அன்னதானம், பாதயாத்திரைக்குத் தண்ணீர்ப் பந்தல், கோயிலில் உழவாரப்பணி என்று பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து செய்கிற குழுக்கள் இப்போ ஊருக்கு ஊர் இருக்கு. ரெண்டு மூணு வருஷம் ஓடினதும் ஒரு கேள்வி வரும். "பதிவு பண்ணிடலாமா? இல்ல, பெரிய அமைப்பு எதிலாவது கிளையா சேர்ந்துடலாமா?" காஞ்சிபுரத்தில் எங்க குழுவிலும் வந்திருக்கு. "முருகனுக்குச் செய்ற சேவைக்கு எதுக்கு சர்டிபிகேட்?" என்கிறார்கள் சிலர். வேற சிலருக்கு லெட்டர்பேடும் பேனரும் கிடைச்சா போதும். ரெண்டு பேச்சிலுமே எனக்கு உடன்பாடு இல்லை.

இதுக்கு நம்ம ஊரிலேயே ஒரு பழைய பாடம் இருக்கு. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது 1904-இல். அந்தச் சட்டத்தின்படி பதிவான முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம், அதே வருஷம் அக்டோபரில், நம்ம காஞ்சிபுரத்தில்தான்! ஆனா சேர்ந்து பணம் போட்டு உதவிக்கிற பழக்கம் அதுக்கும் முந்தியது. பரோடாவில் 1889-லேயே, கூட்டுறவுச் சட்டம் என்று ஒன்று இல்லாதபோதே, அப்படி ஒரு சங்கம் தொடங்கிட்டாங்க.

1904 சட்டம் கேட்டது பத்து பேரை. ஒரே ஊர்க்காரர்களா, இல்ல ஒரே சமூகத்தாரா இருக்கணும். அதாவது ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சிருக்கணும். கிராமச் சங்கங்களில் கடனுக்கு எல்லா உறுப்பினரும் வரம்பில்லாமல் பொறுப்பு. பக்கத்து வீட்டுக்காரர் கட்டலைன்னா உங்க சொத்துக்கும் ஆபத்து. அப்படிக் கையெழுத்துப் போட எவ்வளவு பழகியிருக்கணும்! நம்பிக்கை ஏற்கெனவே இருந்த இடத்தில்தான் பதிவு வேலை செய்தது. (நான் வேலையில் தினமும் பயன்படுத்துற அப்பாச்சி மென்பொருளும் அப்படித்தான். 1995-இல் மெயிலில் பேசிக்கிட்ட தன்னார்வலர்கள், 1999-இல்தான் ஃபவுண்டேஷன் ஆனாங்க.)

அப்போ பதிவு எதுக்கு? எங்க ஊரில் முருகன் பெயரிலேயே பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கம் ஒன்று இருக்கு. இந்தமாதிரி சங்கங்களில் பட்டும் ஜரிகையும் சங்கம் கொடுக்கும், நெசவாளர் வீட்டுத் தறியில் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். அந்தச் சரக்கு எந்தத் தலைவருக்கும் சொந்தமில்லை. யார் போனாலும் வந்தாலும் அது சங்கத்தோடது.

எங்க குழுவில் பணம் ஒரு அண்ணனோட சொந்த ஜிபே-க்குத்தான் வருது. கிருத்திகை முடிஞ்ச ராத்திரியே பைசா விடாம கணக்கைக் குரூப்பில் போட்டுடுவார். எங்களுக்கு அவரைத் தெரியும். ஆனா இப்போ ஸ்டேட்டஸ் பார்த்துட்டு கோயம்புத்தூர், பெங்களூரில் இருந்தெல்லாம் அனுப்புறாங்க. அவங்களுக்கு அண்ணனைத் தெரியாது. முருகனை நம்பி அனுப்புறாங்க. அந்த பாரத்தை ஒரு தனி மனுஷன் தலையில் வைக்கிறது அவருக்கே அநியாயம். நாளைக்கு அவருக்கு ஒன்று ஆச்சுன்னா அந்தக் கணக்கு வாரிசுக்குப் போகும். எது வீட்டுப் பணம், எது அன்னதானப் பணம்னு அண்ணி எப்படிப் பிரிப்பாங்க?

என்னைக் கேட்டா, தெரியாதவங்க பணம் வர ஆரம்பிக்கிற நாள்தான் பதிவுக்கு நேரம். வீட்டு அரிசியைப் போட்டுச் சமைக்கிற பத்து பேருக்கு அவசரம் இல்லை.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-படி குறைந்தது ஏழு பேர் வேணும், துணை விதிகள் எழுதணும். வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டணும், மாவட்டப் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் பண்ணணும். அலுப்பான வேலைதான். பண்ண ஆள் இல்லைன்னா, வசூலை நிறுத்திக்கிறதுதான் நேர்மை.

கிளையா சேர்வது சுலபம். பதிவு எண், ரசீது புத்தகம் எல்லாம் ரெடியா வரும். ஆனா பணத்தை எங்கே செலவு பண்ணணும்னு வேற ஊரில் முடிவாகலாம். ஒரு அமைப்பு எங்களுக்கும் படிவம் அனுப்பியிருக்கு. கிளையைக் கலைத்தால் எங்க அண்டாவும் அடுப்பும் யாருக்குன்னு அதில் ஒரு வரிகூட இல்லை. கேட்டு எழுதியிருக்கோம். அடுத்த கிருத்திகைக்குள் பதில் வந்தால் பேசுவோம். வரலைன்னா, ஏழு பேர் பெயர் தயாரா இருக்கு.

வேலும் மயிலும் துணை.