மாடியில் வசதி, கீழே சலுகையா?

அலுவலகங்களிலே உயர் அதிகாரியின் அறையைக் கண்டிருக்கிறோம். கதவு மூடியிருக்கும். வாயிலில் ஒரு பணியாள். கூச்சல் உள்ளே நுழையாமல் காப்பது அவர் கடன். மேசைமீது ஒரு தாள். பத்து மணிக்கு எவரைக் காண்பது, நண்பகலில் எந்தக் கூட்டம், மாலையில் எந்தக் கோப்பு என்பதெல்லாம் அதிலே வரிசையாய் இருக்கும். நிகழ்ச்சி மாறினால் உதவியாளர் ஓடிவந்து முன்கூட்டியே உரைப்பார். எதற்காக இத்தனையும்? அதிகாரியின் சிந்தனை சிதறாமல் வேலை நடக்க வேண்டும் என்பதற்காக. நாம் குறை கூறவில்லை, நடக்கட்டும். இதற்குப் 'பதவிக்குரிய வசதி' என்று பெயர்.

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு வருவோம். நாற்பது பேர் அமர்ந்த கூடம். ஓர் எழுத்தரை எண்ணிப் பாருங்கள், ஆட்டிசம் உடையவர். கோப்பு எண்களை ஏடு புரட்டாமல் சொல்லுவார். கூட்டலில் பிழை காணமுடியாது. ஆனால் தலைக்குமேல் மினுக்கும் குழல்விளக்கும், நாற்புறப் பேச்சும், அவர் மூளையை ஆணிகொண்டு அறைவதுபோல் தாக்குகின்றன. "அதைக் கொஞ்சம் பார்த்து முடித்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு நடக்கிறார் மேலாளர். எதை? எப்போதைக்குள்? எவ்வளவு 'கொஞ்சம்'? மற்றவர் முகக்குறிப்பால் ஊகித்துக்கொள்வதை இவரால் ஊகிக்க முடிவதில்லை. இவர் கேட்பது என்ன? சுவரோரம் ஓர் இடம். வேலையைத் தாளில் எழுதித் தருதல். மாற்றம் உண்டெனில் முதல் நாளே ஒரு சொல். மாடியில் உள்ளவருக்குக் கேளாமலே கிடைத்த அதே மூன்றுதான்! படியிறங்கி வந்ததும் இவற்றுக்குப் பெயர் மாறிவிடுகிறது: சலுகையாம்!

"எல்லோரையும் ஒன்றாக நடத்துவதே நீதி" என்பர் மறுப்பாளர். அப்படி எங்கே நடத்துகிறீர்கள் என்பதே நம் கேள்வி. நாற்காலியின் உயரமும், விளக்கின் ஒளியும், பேச்சின் பாணியும் பெரும்பாலோருக்கு இசைந்தவாறு முன்னமே அமைத்தாகிவிட்டது. பொருந்தியவர்களுக்கு அது வசதியென்றே தெரிவதில்லை. பொருந்தாத ஒருவர் வாய் திறந்தால் "தகுதி கெடும், திறமை கெடும்" என்ற ஓலம்! 1928-இல் முத்தையா முதலியார் வகுப்புவாரி ஆணையைச் செயற்படுத்தியபோதும் இதே ஓலத்தைத்தானே கேட்டோம்?

ஆட்டிசம் முன்வினைப் பயன் என்று கோயில் கோயிலாய்ப் பெற்றோரை அலைய வைப்போர் நம் நாட்டில் உண்டு. மேல்நாட்டாரும் இதிலே பெருமை பேச முடியாது. பால்டிமோரில் லியோ கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதன்பின் தாயின் அன்புக் குறைவே காரணம் என்று பழிசுமத்திய மருத்துவர்கள் பலர். பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-இல் எழுதிய நூல்தான் அந்தக் கூற்றின் ஆணிவேரை அசைத்தது. நம் அரசேடுகளில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்றோர் மொழிபெயர்ப்பு உலவுகிறது. புற உலகம் அளவுக்கு மீறி வந்து மோதுவதால் துன்புறுபவர்க்கு இப்படியும் ஒரு பெயரா! ஊனமுற்றோர் என்ற சொல்லை நீக்கி மாற்றுத்திறனாளி என்ற சொல்லைத் தந்த தமிழகம் இதையும் மாற்றலாம். பள்ளியிலே பணியாற்றும் நமக்கு இன்னொன்றும் தெரிகிறது: ஆட்டிசம் என்றாலே 'குழந்தை' என்ற சொல்லையும் சேர்த்தே பேசுகிறோம், அந்தக் குழந்தை வளர்ந்து வேலைக்குப் போகாததுபோல.

நேர்காணலில் கண்ணை நோக்கிப் பேசவில்லை என்று மதிப்பெண் குறைக்கிறார்கள். ஆண்டைமுன் குனியாதே, நிமிர்ந்து நோக்கு என்று முழங்கிய இயக்கம் நம்முடையது; ஆகவே நம் தோழர்களுக்கே இங்கு ஒரு தடுமாற்றம் வரக்கூடும். அடிமைக் குனிவு வேறு. கண்ணை நோக்கினால் காதில் விழும் சொல் சிதறிப்போகும் என்பதால் பார்வையைத் திருப்பிக்கொள்வது வேறு. கணக்கு வேலைக்குக் கணக்கிலே தேர்வு வைக்கட்டும். கண்ணுக்கு ஏன் தேர்வு?

சட்டம் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாத ஆட்டிசம், 2016-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றது. அரசு அலுவலகம் நியாயமான வசதிகளைச் செய்து தரவேண்டும் என்கிறது 20-ஆம் பிரிவு. குறை கேட்க ஓர் அலுவலரை அமர்த்தவேண்டும் என்கிறது 23-ஆம் பிரிவு. இட ஒதுக்கீட்டுக்குத்தான் 40 விழுக்காடு என்ற எல்லை. வசதி கேட்க அந்த எல்லை இல்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர் தேர்வெழுத உதவியாளர் கேட்ட வழக்கில், 40 விழுக்காடு இல்லையென்று மறுக்கலாகாது என 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் நிறுவனங்களைச் சட்டம் அத்தனை இறுக்கிப் பிடிக்கவில்லை. சம வாய்ப்புக் கொள்கையை வெளியிடச் சொல்லுவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இது குறைதான்.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. வசதி வேண்டுமெனில் "நான் இன்னார்" என்று முதலில் அறிவித்தாக வேண்டும். அறிவித்த மறுநாளே கிசுகிசுப்பு. பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் சறுக்குமோ என்ற அச்சம். ஆகவே பலர் வாய் மூடி, பிறரைப்போல் சிரித்து, பிறரைப்போல் அரட்டையடித்து, எட்டு மணி நேரம் நாடகம் ஆடி, இல்லம் சேர்ந்ததும் பேசவும் வலுவின்றி விழுகிறார்கள். இந்த நாடகத்துக்கு ஊதியம் உண்டா? வேலைக்கு மட்டுந்தானே சம்பளம்! துணிந்து கேட்டவருக்கே நீதி என்றால், அது துணிவுக்குத் தரும் பரிசு ஆகிவிடாதா?

கட்டளையை எழுத்திலே தருவதற்கு எவருடைய மருத்துவச் சான்றும் தேவையில்லையே! அமைதியான ஓர் அறையை எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவைத்தால், அங்கே அமர்பவரை ஏன் என்று கேட்பார் யார்? அலுவலகத்தின் பொது வழக்கமாக இவற்றை ஆக்கிவிட்டால் அறிவிப்பின் சுமை பாதி குறையும். மீதிக்குத் துணை வேண்டும்; தனியொருவராய் மேலாளரின் முன் நின்று மன்றாடவிடுவது அறமன்று. தொழிற்சங்கங்கள் ஆண்டுதோறும் கோரிக்கைப் பட்டியல் தருகின்றன. அகவிலைப்படி, போனஸ், விடுப்பு எல்லாம் அதிலே உண்டு. சங்கத் தோழர்களே, சுவரோர நாற்காலிக்கும் அந்தப் பட்டியலில் ஓர் எண் தருவீர்களா?