கடன் யாருடைய கடன்?

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். செய்து முடிக்கவேண்டிய கடமையும் கடன். பெற்ற மக்களைப் படிக்கவைப்பது நம் கடன் என்கிறோம்; அதற்காக வங்கியில் வாங்கும் தொகையையும் கடன் என்றே சொல்கிறோம். ஒரு கடனைத் தீர்க்க மற்றொரு கடனை ஏற்கும் இந்நிலையே இன்று நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் நிலை. ஆகவே, கடன் வாங்கலாமா, கூடாதா என்று கேட்குமுன், வாங்கும் கடன் யார் தோள்மீது இறங்குகிறது என்று கேட்பது நலம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் வீடு வாங்க ரூ.20 இலட்சத்தை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெறுகிறார் என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ ரூ.18,000. முதல் தவணையில் ரூ.15,000 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது ரூ.3,000 மட்டுமே. அசலில் பாதி தீர்வதற்கே ஏறத்தாழ 14 ஆண்டுகள் செல்லும். முடிவில் கட்டிய தொகை ரூ.43 இலட்சத்தைத் தாண்டியிருக்கும். நாற்பது வயதில் கையெழுத்திட்டவர் அறுபதில்தான் விடுபடுகிறார். இடையில் அவர் கண்மூடினால், கடனை அடைத்த பின்னரே எஞ்சியது வாரிசுகளுக்கு என்பதே மார்க்கம் வகுத்த பாகப்பிரிவினை முறை.

கல்விக்கடனின் கணக்கு வேறு விதம். 2001-இல் இந்திய வங்கிகள் சங்கம் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் ஒன்றை வகுத்தது. இத்தகைய கடன்களில் படிக்கும் காலத்தில் தவணை கட்டவேண்டியதில்லை. படிப்பு முடிந்த பின்னும் பெரும்பாலும் ஓராண்டு தவணை விடுப்பு உண்டு. இதனை வட்டியில்லாக் காலம் என்று எண்ணி மகிழ்வோர் பலர். அரசின் வட்டி மானியம் பெறுவோரைத் தவிர ஏனையோருக்குத் தவணைதான் நிற்கிறதே ஒழிய, வட்டி நிற்பதில்லை. ஆண்டுக்கு ஓர் இலட்சமாக நான்காண்டுகள் 10 விழுக்காட்டில் பெற்றால், தனிவட்டிக் கணக்கிலேயே, திருப்பிச் செலுத்தத் தொடங்கும் நாளில் ரூ.4 இலட்சம் ரூ.5,40,000 ஆகியிருக்கும். மாணவனோடு தந்தையும் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடுகிறார். மகன் இன்னும் பெறாத ஊதியமும், தந்தை ஓய்வு பெறவேண்டிய வயதும் ஒரே தாளில் அடகு வைக்கப்படுகின்றன.

இதையெல்லாம் கண்டு, "கடனே வேண்டாம்; அதிலும் வட்டிக்கடன் நமக்கு ஆகாது" என்று கூறுவோர் உளர். வட்டி விலக்கப்பட்டது என்பதைத் திருக்குர்ஆன் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. இன்றியமையாத நிலையில் என்ன செய்வது என்னும் தீர்ப்பு மார்க்க அறிஞர்களுக்கு உரியது. நாம் இங்கே கேட்பது வேறொன்று. கல்லூரியில் இடம் கிடைத்துவிட்ட ஓர் ஏழைப் பெண்ணின் வாப்பாவிடம் "வங்கிக்குப் போகாதே" என்று சொல்லிவிட்டு வீடு திரும்புகிறவர், தம் கடமையை முடித்துவிட்டாரா? அந்த வாப்பா பின்னர் கந்துவட்டிக்காரரிடம் போகலாம். அல்லது மகளை வீட்டிலேயே இருத்திவிடலாம். இரண்டிலும் அறிவுரை சொன்னவருக்குப் பங்கில்லை என்று சொல்ல இயலுமா?

கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, நபி பெருமானார் (ஸல்) தாம் தொழவைக்க முன்வரவில்லை; தோழர்களையே தொழச் சொன்னார்கள். தோழர் அபூ கதாதா (ரலி) அக்கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பின்னரே தொழவைத்தார்கள். கடனின் கொடுமைக்குச் சான்றாக இந்நிகழ்ச்சி நம் மேடைகளில் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. ஆனால் அதில் மற்றொரு பாடமும் இருக்கிறது. அங்கு நின்றவர்களுள் ஒருவர் பொறுப்பேற்க முன்வந்தார். பின்னாளில் பொருள்வளம் வந்தபோது, கடனோடு இறந்தவர்களின் கடனைப் பெருமானாரே (ஸல்) ஏற்றுக்கொண்டார்கள். கடன், வாங்கியவனுடைய கடன்தான்; எனினும் சுற்றி நிற்போரின் கடனும் அதில் உண்டு.

வட்டியில்லாத கைமாற்று நம்மிடையே முன்பு பெருவழக்காக இருந்தது. அது ஏன் அருகிவருகிறது? கொடுப்போரின் மனம் சுருங்கியது மட்டும் காரணமன்று. வங்கித் தவணையை அறிவிப்புக்கு அஞ்சி நாள் தவறாமல் கட்டுகிறவர்களுள் பலர், மச்சானிடம் வாங்கிய கைமாற்றை ஆண்டுக்கணக்கில் மறந்திருக்கின்றனர். வட்டி கேட்பவனுக்கு முதலிடம். கேளாதவனுக்குக் கடைசி இடம்! இந்த அநீதி நீடிக்கும்வரை, இருப்பவர் கொடுக்கத் தயங்குவதை முற்றும் குறை கூறுவதற்கில்லை.

"உறவுக்குள் எழுத்து எதற்கு?" என்னும் நாணமும் ஒரு காரணம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், தவணை குறித்த கடனை எழுதிக்கொள்வதையும் சாட்சி வைத்துக்கொள்வதையும் பற்றியதே. எழுதுவது நம்பிக்கைக் குறைவன்று. நம்பிக்கை கெடாமல் காக்கும் வேலி. அதற்கு முன்னரே, 280-ஆம் வசனம், இயலாதவனுக்கு அவகாசம் தருமாறு கொடுத்தவரைப் பணிக்கிறது. வாங்கியவனுக்கு ஒழுங்கும், கொடுத்தவனுக்கு இரக்கமும் ஒருசேரக் கற்பிக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது.

இனி, ஏற்கெனவே வீட்டுக்கடன் பெற்றுவிட்டவர்கள் அறியவேண்டியது ஒன்று. மாறும் வட்டியில் பெற்ற வீட்டுக்கடனை முன்னதாக அடைப்போரிடம் வங்கிகள் அதற்கெனத் தண்டத்தொகை வாங்கலாகாது என ரிசர்வ் வங்கி 2012-இலேயே ஆணையிட்டிருக்கிறது. கையில் வரும் உபரியை நகைக்கும் விருந்துக்கும் செலவிடாமல் அசலில் செலுத்தினால், வட்டியும் குறையும், ஆண்டுகளும் குறையும்.

புதிதாகக் கடன் பெறப்போகிறவர் மூன்றைக் கேட்டுக்கொள்ளட்டும். இது தேவைக்கா, ஊர் மெச்சவா? நான் இல்லாவிட்டால் யார் கட்டுவார்? அவருக்கு இது தெரியுமா? பொருள் படைத்தவர் கேட்டுக்கொள்ளவேண்டியது ஒன்றே: என் மஹல்லாவில் இவ்வாண்டு கல்லூரிக் கட்டணத்துக்காகக் கடன் தேடும் குடும்பம் எது? அதன் பெயரை அறியாதவர், அதற்கு அறிவுரை கூறும் உரிமையை இன்னும் பெறவில்லை என்றே நாம் கருதுகிறோம்.