உறவும் கணக்கும்: மலையகக் கங்காணிமுறை பற்றி ஓர் அறநோக்கு

குலம் என்பது குருதியுறவால் மட்டும் அமைவதன்று. தலைவன் ஒருவன், அவனைச் சூழ்ந்த கிளைகள், பொதுத் தெய்வம், பொது வழக்கு, கூட்டத்தைவிட்டு நீங்குவோர்மீது விழும் பழி ஆகியன ஒருங்கு சேருமிடத்து, உறவற்றோரும் உறவினராகிவிடுகின்றனர். இவ்வாறு உருவான குலங்கள் இலங்கையின் நடுமலைநாட்டிலே, நுவரெலியா, அற்றன், தலவாக்கலைப் பகுதித் தோட்டங்களில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலைத்திருந்தன. கங்காணியின் கூட்டம் என்று அவை வழங்கப்பட்டன. அக்கூட்டத்தின் அமைப்பையும் வழக்கங்களையும் நோக்குவோர் ஒரு வினாவைத் தவிர்க்க இயலாது: உறவின் பெயரால் கோரப்படும் கடமை எப்பொழுது அறமாகின்றது, எப்பொழுது தளையாகின்றது?

கண்காணிப்பவன் என்னும் பொருள் தரும் தமிழ்ச்சொல்லே கங்காணி என மருவிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பித் தோட்டங்கள் தோன்றியபொழுது, திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களினின்று உழைப்பாளர் திரட்டப்பட்டனர். திரட்டியவன் கங்காணி. அவன் தன் ஊருக்குச் சென்று, தன் சுற்றத்தாரையும் அயலூராரையும் முன்பணம் கொடுத்து அழைத்துவந்தான். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டப்பட்டதாக மலையகத்தில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டோர் பலர்.

கோப்பி பருவப் பயிர். அறுவடை முடிந்ததும் ஊர் திரும்புதல் இயலும். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் பின்னர் கோப்பியை அழித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து கொடுப்பது. ஆகவே ஆண், பெண், சிறுவர் எனக் குடும்பங்களே லயங்களில் நிலைகொள்ள நேர்ந்தது. வந்துபோன கூட்டம் வாழும் குடியாயிற்று.

அக்குடியின் அமைப்புப் படிநிலை கொண்டது. உச்சியில் பெரிய கங்காணி. அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். ஒவ்வொரு சில்லறைக் கங்காணிக்கும் அவருடைய உறவினரும் ஊராரும் அடங்கிய சிறு குழு. இவர்கள் எல்லார்க்கும் மேலே, மொழியாலும் நிறத்தாலும் எட்டாத உயரத்தில், துரை. சாதியும் இப்படிநிலையோடு பின்னிக் கிடந்தது. பெரிய கங்காணிகளிற் பலர் உயர்த்தப்பட்ட சாதியினராகவும், உழைப்பாளரிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினராகவும் இருந்தனர். லயங்களைப் பகிர்ந்தளிப்பதிலும் இவ்வேறுபாடு தென்பட்டது. மூன்று தேயிலைத் தோட்டங்களின் சமூக அமைப்பை ஆராய்ந்து ஜெயராமன் 1975இல் வெளியிட்ட நூல், கடல் கடந்த பின்னரும் சாதி எவ்வாறு தொடர்ந்தது என்பதையே தன் பொருளாகக் கொண்டது.

ஆயினும் கங்காணி வெறும் மேற்பார்வையாளர் அல்லர். மாரியம்மன் கோயிலுக்கு முன்னின்றவர் அவர். திருவிழாவில் முதன்மரியாதை பெற்றவர் அவர். திருமணம் பேசுதல், பிணக்குத் தீர்த்தல், இழவு வீட்டில் முன்னிற்றல் அனைத்தும் அவர் பொறுப்பு. மாசி மாதத்தில் காமன் கூத்து நிகழும்பொழுது, இரதியும் மன்மதனும் ஆடி, காமன் எரிந்து, மீண்டும் உயிர்பெறும் அந்நாள்களில் தோட்டம் முழுவதும் ஒரே குடும்பம் போலத் தோன்றியது. கூத்துக்கு ஒலித்த தப்பே விடியற்காலையில் பிரட்டுக்களத்திற்கு ஆளழைக்கவும் ஒலித்தது. தெய்வத்தின் அழைப்பும் துரையின் அழைப்பும் ஒரே தோற்கருவியில் எழுந்தமை, அவ்வாழ்வின் இயல்பை விளக்கப் போதுமானது.

இனி, அக்குடும்பத்தின் மறுபக்கமான கணக்கேட்டை நோக்குதல் வேண்டும். பயணச் செலவு, முன்பணம், அரிசி, கம்பளி என ஒவ்வொன்றும் உழைப்பாளியின் பெயரில் கடனாக ஏறியது. அக்கடனின் அளவு பலருக்குத் தெரியாது. கணக்கு கங்காணியின் கையில் இருந்தது. வேலைக்கு வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே, நோயுற்றவனை எழுப்பி வேலைக்கு அனுப்புவது அவருக்கு வருவாயாயிற்று. ஒரு கூட்டம் வேறு தோட்டத்திற்குப் பெயர வேண்டுமானால், அதன் கடன் தீர்க்கப்பட்டால் ஆள்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' தேவைப்பட்டது. புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தி ஆள்களைப் பெற்றது. கடன் தீரவில்லை, இடம் மாறியது. ஒப்பந்தத்தை மீறி வேலையைவிட்டு நீங்குதலை 1865ஆம் ஆண்டின் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. 1921இல்தான் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இவற்றைக் கொண்டு, கங்காணியைக் கொடியவர் என்றும் அவரை வணங்கியோரை அறியாதவர் என்றும் கூறிவிடுதல் எளிது. ஆனால் அது நேர்மையான தீர்ப்பாகாது. புரியாத மொழி, பழகாத குளிர், அறியாத சட்டம் ஆகியவற்றின் நடுவே, உழைப்பாளிக்குத் தெரிந்த முகம் அவர் ஒருவருடையதே. பஞ்சத்தால் வாடிய ஊரிலிருந்து அழைத்து வந்தவர் அவர். துரையிடம் தமக்காகப் பேசக்கூடியவரும் அவரே. 'ஐயா' என்று அவரை விளித்தோர் எல்லாரும் அச்சத்தால் மட்டும் அவ்வாறு விளித்தனர் என்று கொள்ளுதற்கில்லை. அவர்கள் உணர்ந்த நன்றி மெய்யான நன்றி. அம்மெய்யான நன்றி அவர்களைக் கட்டுப்படுத்தும் உரிமையைக் கங்காணிக்கு அளித்ததா என்பதே வினா.

செய்ந்நன்றியறிதலைத் தனி அதிகாரமாக வகுத்த வள்ளுவர், உதவியின் பெருமையை அளக்குமிடத்து, உதவியவன் தனக்கு வரும் பயனை எண்ணாது செய்தானா என்பதையும் ஓர் அளவுகோலாகக் கொள்கிறார். தலைக்காசு பெற்ற கங்காணியின் உதவி அவ்வளவுகோலில் முழுமையாகத் தேறாது. எனினும் பயன் கருதிய உதவியும் உதவியே. அதற்கும் ஓரளவு நன்றி உரியது. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் கொடையைப் பற்றி 1925இல் வெளியிட்ட கட்டுரையில், பெற்றவன் திருப்பிக் கொடுக்கக் கடமைப்படுகிறான் என்பதைப் பல சமூகங்களின் வழக்கங்களிலிருந்து எடுத்துக்காட்டினார். ஆகவே கொடுத்தவருக்குக் கடன்படுதல் எங்கும் காணப்படும் மனித இயல்பு. அவ்வியல்பை அறவே மறுத்தால் சமூக வாழ்வே இல்லை.

இவ்விடத்தில் ஒரு தடை எழுதல் கூடும். பெற்றோருக்குப் பிள்ளை ஆற்ற வேண்டிய கடமையைப் பிள்ளை தேர்ந்துகொள்வதில்லை. அதிலிருந்து எளிதில் விடுபடவும் இயலாது. அதனை எவரும் அடிமைத்தனம் என்று சொல்வதில்லை. அவ்வாறிருக்கத் தகப்பன் போன்ற கங்காணிக்கு ஆற்றும் கடமையை மட்டும் தளை என்பது ஏன்?

இத்தடைக்கு விடை கணக்கேட்டிலேயே உள்ளது. தாய் ஊட்டிய பாலுக்கு ஏடு எழுதி வைப்பதில்லை. கடன் கொடுத்த வணிகன் ஏடு எழுதுகிறான். ஆனால் தன்னைத் தகப்பன் என்று கூறிக்கொள்வதில்லை. கடன் தீர்ந்த நாளில் வாங்கியவன் வணங்காமலே போகலாம். உறவுக்கு ஒரு நீதி உண்டு. வணிகத்துக்கும் ஒரு நீதி உண்டு. கங்காணிமுறையில் இரண்டும் ஒருவர் கையில் இருந்தன. எதை எப்பொழுது எடுத்துக் காட்டுவது என்பதை அவரே தீர்மானித்தார். உழைப்பாளி கூலியைக் கேட்டபொழுது உறவு காட்டப்பட்டது. விட்டுப்போக எண்ணியபொழுது கணக்குக் காட்டப்பட்டது. உறவினன் என்ற முறையில் அவன் கேள்வி கேட்கக் கூடாது. கடனாளி என்ற முறையில் அவன் வெளியேறக் கூடாது. இவ்விரட்டைப் பூட்டே அம்முறையின் அநீதி. கங்காணி ஒருவர் நல்லவராக இருந்தாலும் அநீதி நீங்காது. ஏனெனில் அது அவருடைய குணத்தில் அன்று, அவர் வகித்த இடத்தில் அமைந்திருந்தது.

இதிலிருந்து இரண்டு உரைகற்கள் கிடைக்கின்றன. கடமைப்பட்டவன் தன் கணக்கைத் தானே பார்க்க இயலுமா? கூட்டத்தைவிட்டு நீங்கிய பின்னும் அவன் மனிதனாக வாழ இயலுமா? இரண்டுக்கும் இல்லை என்பதே விடையாயின், அங்கே கோரப்படுவது நன்றியன்று, கீழ்ப்படிவே.

பின்வந்த வரலாறு இவ்விரு வினாக்களையும் உழைப்பாளரே எழுப்பிய வரலாறாகும். 1927ஆம் ஆண்டின் சட்டம் குறைந்தபட்சக் கூலியை வகுத்தது. 1931இல் கோ. நடேசய்யர் அற்றனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1940இல் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். கூட்டத்தின் ஆள் என்ற நிலையினின்று சங்கத்தின் உறுப்பினர் என்ற நிலைக்கு மனிதர் பெயர்ந்த காலம் அது. ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. கங்காணியின் ஏட்டிலிருந்து விடுபட்டவர்களுக்கு அரசின் ஏட்டில் இடமில்லாது போயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே காம்பராவில் வாழ்ந்த உடன்பிறந்தார் இரு நாட்டினராயினர். இங்கும் அவர்களுடைய கணக்கைப் பிறரே எழுதினர். 2003ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க வழிவகுத்தது.

கங்காணிமுறை மறைந்துவிட்டது, ஆயினும் அதன் சாயல் மறைந்துவிட்டதா என்பதை அவ்வுரைகற்களைக் கொண்டே சோதித்தல் வேண்டும். தலைவரைத் தகப்பனாகக் கருதும் மனப்பாங்கு சங்கங்களுக்குள்ளும் புகக்கூடியது. சந்தாக் கொடுப்பவன் கணக்குக் கேட்டால் நன்றி கெட்டவன் என்று ஏசப்படும் இடம் எதுவாயினும், அங்கே பழைய கங்காணி மீண்டும் வீற்றிருக்கிறார். வீட்டுக்குள்ளும் இதே வினா உண்டு. ஒரு நாட்கூலியைத் தோட்டத்து வழக்கில் 'பேர்' என்பர்; குறித்த அளவு கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. மலையேறிக் கொழுந்து பறித்துப் பேர் பெற்றவள் பெண். ஆனால் அவள் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ வாங்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. பெண்ணுக்கும் ஆணுக்கும் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது 1984இலேதான். பேர் அவளுடையது, கணக்கு பிறருடையது என்றால், குடும்பமும் ஒரு சிறு கங்காணிக் கூட்டமே.

ஆகவே பழைய வழக்கங்கள் அனைத்தையும் தூக்கி எறிந்துவிடுவதா? அவ்வாறன்று. அக்குலத்தின் வழக்கங்கள் எல்லாம் மேலிருந்து விதிக்கப்பட்டவை அல்ல. அடுத்த காம்பராவில் அடுப்பெரியாதபோது அரிசி கொடுத்தவளும், இழவு வீட்டில் இரவு முழுவதும் உடனிருந்தவனும், அந்த உதவியை எந்த ஏட்டிலும் எழுதவில்லை. இன்று கொடுத்தவர் நாளை பெற்றார். கங்காணியின் உறவுமொழி கடன் வாங்கிய அழகெல்லாம் இவ்வயலுறவிலிருந்தே வந்தது. காமன் கூத்தும் தப்பும் அவர்களுடையவை. கங்காணிக்கு முன்னிற்கும் மரியாதை மட்டுமே உரியதாயிருந்தது. அவற்றை அம்மரியாதையினின்று பிரித்தெடுத்துப் பேணுதல் இயலும்; பேணுதல் வேண்டும்.

பெரிய கங்காணி கட்டிய கோயிலில் இன்றும் வழிபடும் பேரப்பிள்ளைகளுக்கு இதிலே தடுமாற்றம் வேண்டியதில்லை. அவரை முற்றாக வெறுப்பதும் முற்றாக வணங்குவதும் ஒருங்கே பிழை. அவர் அழைத்து வந்ததால் இங்கே ஒரு மக்கட்கூட்டம் உண்டு என்பது உண்மை. அம்மக்களின் உழைப்பைத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டார் என்பதும் உண்மை. கோயிலில் விளக்கேற்றுவோர், அந்த ஏட்டையும் அவ்வெளிச்சத்திலேயே படித்துப் பார்த்தல் வேண்டும்.