60 டாலர் மூலதனம்

க்ஷயரோகத்தால் நலிந்த கணவருக்கு வறண்ட காற்று இதமளிக்கும் என்று நம்பி டெக்ஸாஸ் மாகாணத்துக் கெர்வில் என்னும் சிற்றூரில் வந்து குடியேறிய ஃப்ளாரன்ஸ் பட் என்ற மாது, மூன்று புதல்வர்களையும் போஷிக்கும் பாரம் தம் தலைமேல் விழுந்த காலத்தில், கையிலிருந்த 60 டாலரையே மூலதனமாகக் கொண்டு, 1905-ஆம் ஆண்டில், குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்திலேயே ஒரு மளிகைக் கடையைத் திறந்தார். பாலப் பிராயத்தில் வீடுவீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்த இளைய குமாரர் ஹவர்ட், முதல் மகாயுத்தத்தில் கடற்படைச் சேவை முடித்துத் திரும்பி நிர்வாகத்தை ஏற்றபின், அயலூர்களில் கிளை பரப்ப முயன்று கண்ட தோல்வி ஒன்றிரண்டல்ல; 1920-களின் பிற்பகுதியில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய டெல் ரியோவில்தான் கிளை வேரூன்றியது. (கிளை வேரூன்றுவதென்பது ஆலமரத்துக்கும் வியாபாரத்துக்கும் மட்டுமே சாத்தியம் போலும்!) அவர் பெயரின் முதலெழுத்துக்களையே நாமமாகத் தரித்த எச்-இ-பி ஸ்தாபனம், டெக்ஸாஸிலும் மெக்ஸிகோவிலுமாக 400-க்கு மேற்பட்ட கடைகளை நடத்தும் இந்நாளிலும், பங்குச் சந்தைக்குப் போகாமல், அக்குடும்பத்தாரின் வசமே இருந்துவருகிறது.