கேட்காமல் வாங்கிய கடன்

அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைத் தம்பிக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம். போன வாரம் முகம் பளிச்சென்று வந்தான். ‘‘பிரச்னை முடிஞ்சுது சார். ஊர்லேர்ந்து அம்மாவை வரவழைக்கிறேன். டிக்கெட் போட்டாச்சு.’’

அதற்கு முந்தைய வாரம் முழுக்க ஒரே புலம்பல். மனைவிக்கு லீவு முடியப்போகிறது. ஏஜென்சியில் ஆயாவுக்குக் கேட்கிற சம்பளம் இவன் சம்பளத்தில் பாதி. குழந்தைகள் காப்பகத்தை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். இவர்கள் வீடு வந்துசேர எட்டாகும்.

‘‘அம்மா வர்றேன்னு சொன்னாங்களா?’’ என்று கேட்டேன்.

‘‘என்ன சார் இது, பேரனைப் பார்க்க வரமாட்டேன்னு எந்தப் பாட்டியாவது சொல்வாங்களா?’’

கவனித்தீர்களா? நான் கேட்டது ஒரு கேள்வி. அவனிடமிருந்து வந்தது பதில் அல்ல, இன்னொரு கேள்வி.

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. 2009-ல் நானும் இதைத்தான் செய்தேன்.

அப்போது பேறுகால விடுப்பு 12 வாரம்தான். தாய்வீட்டில் இருந்து மூன்றாம் மாதம் குழந்தையோடு வந்த மனைவி, அடுத்த வாரமே வேலைக்குப் போயாக வேண்டும். சங்கரன்கோவிலில் இருந்து அம்மா பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை, ஒரு கட்டு பழைய நூல்புடவைகள், துணியில் சுற்றிய உரைகல். ‘‘பத்து நாள் இருந்துட்டுப் போறேன்யா’’ என்றாள்.

அந்தப் பத்து நாள் எட்டு மாதம் ஆயிற்று.

முதல் நாளே உரைகல்லுக்கு வேலை இல்லாமல் போனது. வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய், மாசிக்காய் எல்லாம் உரசி நாக்கில் தடவ அம்மா தயாராக இருந்தாள். ‘‘ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான் அத்தை, தண்ணிகூடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்’’ என்றாள் மனைவி. ‘‘தாகம் எடுக்காதா பிள்ளைக்கு?’’ என்று அம்மா கேட்டாள். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்று நான் விளக்கினேன். கொஞ்சம் மேதாவித்தனமாகவே விளக்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

டாக்டர் சொன்னது சரி. அதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் கல்லைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். மூன்று பிள்ளைகளை வளர்த்த ஒருத்தி தன் அனுபவத்தை ஓரமாக வைத்துவிட்டு, மருமகள் சொன்னபடி செய்ய ஆரம்பித்தாள். மனைவி எடுத்து வைத்துவிட்டுப் போகும் பாலைப் பாலாடையில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். வாடகை வீட்டில் தூளி கட்டக் கொக்கி இல்லை. ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். ஆகவே தோள்தான் தூளி. மூட்டுவலியோடு தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு, எழுந்திருக்கச் சுவரைப் பிடிப்பாள். அந்தச் சுவரில் எண்ணெய்க் கை பதிந்த இடம் ஒன்று இருந்தது. வீட்டைக் காலி செய்தபோது வீட்டுக்காரர் அதற்கும் சேர்த்து அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் பதிவியலில் முதல் பாடமே, வாங்குபவர் கணக்கில் பற்று எழுது, கொடுப்பவர் கணக்கில் வரவு வை என்பதுதான். ஒரு பக்கம் எழுதினால் இன்னொரு பக்கமும் எழுதியாக வேண்டும். ஆனால் அந்த எட்டு மாதத்தை நான் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. வீட்டு பட்ஜெட்டில் ‘ஆயா செலவு: இல்லை’ என்றுதான் இருந்தது.

தேசமும் அப்படித்தான் கணக்கு எழுதுகிறது. பிகூ என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1920-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு வேடிக்கையைச் சுட்டிக்காட்டினார். வீட்டு வேலைக்குச் சம்பளத்துக்கு வைத்திருந்த பெண்ணையே ஒருவர் கல்யாணம் செய்துகொண்டால், நாட்டின் வருமானம் குறைந்துவிடும். அதே வீடு, அதே வேலை. சம்பளம் நின்றதால் வேலையே நடக்காத மாதிரி கணக்கு! பாட்டிகள் விஷயத்திலும் இதே கதைதான்.

2017-ல் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சேர்த்தார்கள். நல்ல விஷயம். ஆனால் 27-வது வாரம் குழந்தை தானாக எழுந்து சோறு வடித்துச் சாப்பிடுமா? அந்த வாரத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் யாரும் யோசிப்பதில்லை. ஊரில் ஓர் ஆச்சி இருக்கிறாள் என்ற தைரியம்தான்.

‘பாட்டி பேரனைப் பார்ப்பது இயற்கைதானே, இதில் என்ன கணக்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். இயற்கைதான். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்ஸா மக்களிடம் கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானுடவியலாளர் சகாக்களோடு ஆய்வு செய்தார். கைக்குழந்தை வந்ததும் தாயால் முன்போல உணவு தேட முடிவதில்லை. அப்போது மூத்த பிள்ளைகளின் வளர்த்தி, பாட்டி எவ்வளவு கிழங்கு தோண்டுகிறாள் என்பதைப் பொறுத்து இருந்தது. பிள்ளை பெறும் வயது தாண்டியும் பெண்கள் நெடுங்காலம் வாழ்வதற்கே இதுதான் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். மனித இனம் பிழைத்துக் கிடப்பதில் பாட்டிகளுக்குப் பங்கு உண்டு என்று அர்த்தம்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஹட்ஸா பாட்டி தன் குடியிருப்பில், தன் தோழிகளோடு இருந்துகொண்டு கிழங்கு தோண்டுகிறாள். நம் பாட்டியோ வீடு, வாசல், வீட்டுக்காரர், அக்கம்பக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, 600 கிலோமீட்டர் தாண்டி, பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாத மூன்றாவது மாடிக்கு வருகிறாள். அப்பா அந்த எட்டு மாதமும் சித்தி வீட்டில் சாப்பிட்டார். தினமும் ராத்திரி போன் பண்ணிப் பேரனைப் பற்றி விசாரிப்பார். ‘அம்மாவை எப்ப அனுப்புவே?’ என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானும் அவர் கேட்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

‘அன்புக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது’ என்பார்கள். உண்மைதான். ஆனால் இதைச் சொல்வது யார் என்று கொஞ்சம் பாருங்கள். பெரும்பாலும் வாங்கிக்கொண்டவர்தான் சொல்வார். கொடுத்தவர் சொன்னால் அது பெருந்தன்மை. வாங்கியவரே சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

அப்படியானால் அம்மாவுக்குச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டுமா? கொடுத்திருந்தால் அடுத்த ரயிலிலேயே ஊருக்குப் போயிருப்பாள். ‘‘எனக்கென்ன கஷ்டம், பேரனைக் கொஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்’’ என்றுதான் எப்போதும் சொல்வாள். அதில் பொய்யும் இல்லை. அவன் முதன்முதலில் குப்புற விழுந்ததைப் பார்த்தது அவள்தான். அந்தச் சந்தோஷத்துக்கு விலை இல்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தைக் காட்டியே அவளுடைய களைப்பை நான் தள்ளுபடி செய்துகொண்டேன்.

பிறகு என்னதான் கொடுத்திருக்க வேண்டும்? இது எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆனது.

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு பெரிய விசேஷம். கோமதி அம்மன் ஊசிமுனையில் ஒற்றைக்காலில் தவம் இருந்ததாகவும், சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்ததாகவும் ஐதீகம். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த நாள் முதல் அம்மா தபசு பார்க்காத வருஷம் கிடையாது. 2009 ஜூலையில் ஒருநாள், குழந்தையைத் தோளில் போட்டபடி காலண்டரைப் பார்த்து, ‘‘ஆடி பொறந்தாச்சு, என்னய்யா?’’ என்றாள். ‘‘ஆமாம்மா’’ என்று சொல்லிவிட்டு நான் பேப்பரில் மூழ்கினேன். அது தேதி கேட்கிற கேள்வி அல்ல என்பது அப்போது உறைக்கவே இல்லை. நான்கு நாள் லீவு போட்டிருந்தால் போதும். அவள் போய்விட்டு வந்திருப்பாள்.

போன வருஷம் ஆடியில் ஊருக்குப் போயிருந்தபோது இதை எடுத்தேன். ‘‘அந்த வருஷம் தபசு பார்க்க முடியலைன்னு வருத்தப்பட்டியாம்மா?’’

அம்மா சிரித்தாள். ‘‘அதுல என்னய்யா வருத்தம்? ‘போயிட்டு வாம்மா’ன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ‘வேண்டாம்யா, பச்சைப்பிள்ளையை விட்டுட்டு எப்படிப் போக’ன்னு நானே சொல்லியிருப்பேன்.’’

எப்படியும் அவள் போயிருக்க மாட்டாள். தபசு பார்த்திருக்க மாட்டாள். ஆனால் போகாமல் இருந்தது அவள் முடிவாக இருந்திருக்கும். ‘வேண்டாம்’ என்று சொல்ல இடம் இருந்தால்தான், கொடுப்பது அன்பளிப்பு. அந்த இடமே இல்லை என்றால், எவ்வளவு சிரித்த முகத்தோடு கொடுத்தாலும் அது வசூல்தான். அம்மா அன்பளிப்பாகத் தர வந்ததை நான் வசூல் செய்துகொண்டேன். பேரேட்டில் எனக்கு விழுந்த பற்று அதுதான்.

மறுநாள் தம்பியிடம் சொன்னேன்: ‘‘திரும்பிப் போற டிக்கெட்டையும் இப்பவே போட்டுடு. தேதி மட்டும் நீ முடிவு பண்ணாதே. அம்மாவுக்குப் போன் போட்டு, ஊர்ல எப்ப என்ன விசேஷம்னு கேட்டுக்கோ.’’

கொஞ்ச நேரம் கழித்துப் போனோடு வராந்தாவுக்குப் போனான். ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை.